முப்பத்தோராம் இதழ்

எங்கள் ஊர் வரலாற்றுக் கழகத்தின் செய்திமடல் நூறாவது இதழைத் தொடப்போகிறது என்று செயற்குழுவில் பேச்சு வந்ததும், தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"மடலோட வரலாறை நீங்களே எழுதிடுங்கம்மா. உங்கள விட்டா யாரு இருக்கா?"

தலைவர் பல் டாக்டர். எதைக் கேட்டாலும் 'கொஞ்சம்கூட வலிக்காது' என்கிற தோரணையில்தான் கேட்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேறு யாரையாவது பாருங்களேன் என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு, அன்றைக்கே பழைய இதழ்களின் நாலு கட்டுகளையும் இரண்டு துணிப்பைகளில் திணித்து, தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்க, வீட்டுக்குச் சுமந்து வந்தேன்.

இருபத்தைந்து வருஷம். வருஷத்துக்கு நாலு இதழ். முதல் இரண்டு இதழ்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நான்தான் ஆசிரியர். ஆசிரியர் என்றால் எழுதுகிறவர், தட்டச்சு செய்கிறவர், மெய்ப்புப் பார்க்கிறவர், மடிக்கிறவர், தபால்தலை ஒட்டுகிறவர் எல்லாம் சேர்த்துத்தான். குடிநீர் வாரிய அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த என்னை, கழகத்தைத் தொடங்கிய சர்வேயர் வந்து கூப்பிட்டார். அவருக்கு ஊரின் ஒவ்வொரு சந்தும் எத்தனை அடி அகலம் என்று மனப்பாடம். எழுத்துதான் ஓடாது. "எனக்கு அளக்கத் தெரியும், உங்களுக்கு அடிக்கத் தெரியும், சேர்ந்து ஏதாவது பண்ணுவோம்" என்றார்.

ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட சைக்ளோஸ்டைல் மிஷின்தான் எங்கள் அச்சகம். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு பக்கம் கருப்பாகவும் அடுத்த பக்கம் வெளிறியும் வரும். வாசகர்களுக்குக் கண் கெட்டதோ இல்லையோ, எங்கள் விரல் நகமெல்லாம் மாதக்கணக்கில் மையாக இருக்கும். ஐந்தாம் இதழில் 'ஆண்டு விழா சிறப்பாக நடந்தது' என்பதற்குப் பதில் 'சிரிப்பாக நடந்தது' என்று அடித்துவிட்டேன். விழாவுக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். இருந்தாலும் ஆறாம் இதழில் முதல் பக்கத்திலேயே திருத்தம் போட்டோம்.

இதையெல்லாம் எழுத எழுத எனக்கே குதூகலமாக இருந்தது. திருத்தங்களை மட்டும் தனியாக எண்ணினேன். நாற்பத்திரண்டு. 'பிழை என்று தெரிந்தால் ஒருபோதும் தயங்காமல் திருத்தம் வெளியிட்டுவந்திருக்கிறோம். நாற்பத்திரண்டு திருத்தங்களே இம்மடலின் நேர்மைக்குச் சாட்சி' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதும்போது நான் தயங்கவே இல்லை. அதை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

முப்பத்தோராம் இதழைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். 'இவ்விதழில் வெளியான "பூட்டிய மதகு" கட்டுரைக்கு வரலாற்றுக் கழகங்களின் கூட்டமைப்பு ஆண்டின் சிறந்த கட்டுரைக்கான கேடயத்தை வழங்கியது.' கட்டுரையாளர் யார் என்று எழுதாமல் விட்டது அடக்கத்தினால் என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எழுதியவள் நான்தான்.

ஏழு பக்கம் ஆனதும் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் படித்தாலும் எஞ்சினுக்குள் காதை வைத்துக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு படிப்பார். 'சிரிப்பாக' வந்த இடத்தில் சிரித்தார். திருத்தங்களைப் பற்றிய வாக்கியத்துக்கு வந்ததும் நின்றார். மேலே போய்விட்டு மறுபடியும் அங்கேயே வந்தார்.

"நாப்பத்திரண்டா?"

"எண்ணிப் பாத்துட்டேன்."

"அந்த மதகுக்காரர் பொண்ணு எழுதின கடுதாசி?"

"எந்தக் கடுதாசி?" என்றேன். பொய்க்குக்கூட ஒரு நேர்த்தி வேண்டும். அது என்னிடம் இல்லை.

"நீ பதில் எழுதிக் குடுத்தியே, போற வழியில போடுங்கன்னு. போஸ்ட் கார்டு. ஒட்டியா வெச்சிருந்த? படிச்சேன். 'இட நெருக்கடி காரணமாக அடுத்த இதழில் பரிசீலிக்கப்படும்'னு எழுதியிருந்த."

பதினேழு வருஷத்துக்கு முந்தைய போஸ்ட் கார்டு. அவருக்கு ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

"அடுத்த இதழ் வந்ததும் பாத்தேன். இல்ல. அதுக்கடுத்ததும் பாத்தேன். சரி, விசாரிச்சிருப்ப, பொய்க் கடுதாசின்னு தெரிஞ்சிருக்கும், அதான் போடலன்னு நெனச்சுக்கிட்டேன். நீ ஃபைல் எல்லாம் பாக்கறவ ஆச்சே."

அவர் குற்றம் சாட்டவில்லை. குற்றம் சாட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். என்மேல் வைத்த நம்பிக்கையைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது.

"பாத்தேங்க," என்றேன். "ஃபைல் பாத்தேன். அவங்க எழுதினது நிஜம்."

நடந்தது இதுதான். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு பெருமழையின் நாலாம் நாள் பிற்பகலில், நீர்த்தேக்கத்தின் மதகு திறக்காமல் கரை உடைந்து, ஆற்றோரத் தெரு முழுக்க வெள்ளம் புகுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். மதகுக் காவலர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மச்சான் கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்று ஊரில் ஒரு கதை. யார் முதலில் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஊர் வாயில் விழுந்த கதைக்குப் பெற்றோர் கிடையாதே.

முப்பத்தோராம் இதழுக்கு இரண்டு பக்கம் காலியாக இருந்தது. நான் அந்தக் கதையை எடுத்துக்கொண்டேன். கேட்டது கைப்பிடி, சேர்த்தது கூடை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை நான்தான் அவருக்குப் போட்டுவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க, மழையைப் பார்த்து ரசித்துக்கொண்டே அவர் போனார் என்று எழுதினேன். கல்யாணப் பந்தியில் அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே முதல் வீடு சரிந்தது என்று முடித்தேன். சர்வேயர் அப்போது படுத்த படுக்கை. படித்துக் காட்ட ஆளில்லை. படித்த மற்றவர்கள் கண் கலங்கினார்கள். கேடயம் வந்தது. பள்ளிக்கூடத்து ஆண்டு மலரில் கட்டுரையை எடுத்துப் போட்டார்கள்.

அவர் உயிரோடு இருக்கிறாரா என்று நான் கேட்கவே இல்லை. உயிரோடுதான் இருந்தார். எழுபத்திநாலு வயது. எங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று தெரு தள்ளி, மகள் வைத்திருந்த தையல்கடைக்குப் பின்னால் ஒரு அறையில்.

கேடயம் வந்த மூன்றாம் வாரம் மகளின் கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள். படித்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கேடயம் கூடத்து அலமாரியில் அப்போதுதான் ஏறியிருந்தது. ஆனாலும் மறுநாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், எங்கள் அலுவலகப் பதிவறைக்குப் போனேன். அந்த வருஷத்து மதகுப் பராமரிப்புக் கோப்பைத் தேடி எடுக்கக் கால்மணி நேரம் ஆனது. மதகுக் காவலர் எழுதிய மூன்று மனுக்களும் வரிசையாக இருந்தன. சங்கிலி தேய்ந்துவிட்டது, மாற்றித் தர வேண்டும். சங்கிலியின் மூன்று கண்ணிகள் விரிந்துவிட்டன, மழைக்கு முன் மாற்றித் தர வேண்டும். மூன்றாவது மனுவின் தேதி வெள்ளத்துக்குப் பதினோரு நாள் முன்னால். ஓரத்தில் யாரோ 'பார்த்தேன்' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டிருந்தார்கள்.

நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, நாடாவை முன்பு இருந்த மாதிரியே முடிச்சுப் போட்டு, கோப்பை இருந்த இடத்திலேயே வைத்தேன். பிறகு அந்த போஸ்ட் கார்டை எழுதினேன்.

ஏன் என்று கேட்டால், பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. வேலை போய்விடும் என்ற பயமா என்றால், இல்லை. யாரும் மிரட்டவும் இல்லை. கேடயத்தோடு நான் நிற்கிற போட்டோ உள்ளூர் நாளிதழில் வந்திருந்தது. மாமியார் வீட்டில் முதல்முறையாக என்னை 'எழுதற மருமக' என்று பிறருக்கு அறிமுகப்படுத்தியிருந்தார்கள். அவ்வளவுதான். அவ்வளவு சின்ன விஷயத்துக்காகத்தான்.

நான் சொல்லி முடித்ததும் வீட்டுக்காரர் தாள்களைச் சீராகத் தட்டி மேஜைமேல் வைத்தார்.

"கடுதாசி எங்க?"

"இருக்கு. முப்பத்தொண்ணாம் இதழ் கட்டோட அடியில."

"தூக்கிப் போடலியா?"

"முடியல."

"அதுவரைக்கும் சரி," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அன்று முழுக்க என்னோடு அவர் பேசியது இரண்டே வார்த்தை: "கதவைச் சாத்தட்டுமா?"

இரண்டு நாள் கழித்துத் தையல்கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் கையில் ஒரு ரவிக்கைத் துணியும் எடுத்துப்போனேன். எதற்கு எடுத்தேன் என்று எனக்கே புரியவில்லை. வெறும் கையோடு அந்தப் படியேற எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

நீளவாக்கில் குறுகலான கடை. முன்னால் இரண்டு மிஷின். சுவரில் பள்ளிக்கூடச் சீருடைகள் அளவுவாரியாகத் தொங்கின. மகளுக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கும். கழுத்தில் அளவு நாடா, மூக்கு நுனியில் கண்ணாடி. என்னைத் திருப்பி நிற்க வைத்துத் தோள், மார்பு, கை என்று அளந்து, ஒவ்வொன்றையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். முகம் பார்க்க வேண்டாமே.

"பேரு?" என்று கேட்டார், பில் புத்தகத்தைத் திறந்துகொண்டு.

நான் என் தங்கையின் பெயரைச் சொன்னேன்.

சொன்ன பிறகு அங்கே நிற்க முடியவில்லை. என்றைக்கு வரட்டும் என்றுகூடக் கேட்காமல் இறங்கி வந்துவிட்டேன். அறுபத்திரண்டு வயதில், ரவிக்கை தைக்கக் கொடுத்த இடத்தில் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டு ஓடிவருகிற பெண்ணை என்னவென்று சொல்வது? வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அந்தப் பேச்சுக்குப் பிறகு முதல்முறையாக அவர் உதட்டோரம் துடித்தது. "பாவம், உன் தங்கச்சி என்ன பண்ணினா?" என்றார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் மறுபடி போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. அவர் ரவிக்கையை மடித்துத் தாளில் சுற்றி என்முன் வைத்தார்.

"நான் அன்னிக்குச் சொன்ன பேரு என் பேரு இல்ல," என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்."

"நான்..."

"மடல் எழுதறவங்க. படி ஏறும்போதே தெரியும். பேப்பர்ல போட்டோ வந்துச்சே, கேடயத்தோட. அதை வெட்டி வெச்சிருந்தேன் ரொம்ப நாள்."

அவர் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பைப் பார்த்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

"அந்த மனு மூணும் அங்க இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பாத்தீங்களா? கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்பாகிட்ட நகல் இல்ல. வெள்ளத்துல போச்சு. எழுதிக் குடுத்தேன், எழுதிக் குடுத்தேன்னு சொல்லிட்டே இருப்பார். கடைசில எனக்கே ஒரு சந்தேகம். நிஜமாவே எழுதினாரா, இல்ல மனசு ஆறுறதுக்குச் சொல்றாரான்னு." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அந்த நாலு வார்த்தைய அன்னிக்கு நீங்க வந்து சொல்லியிருந்தா, நான் அவர சந்தேகப்படாம இருந்திருப்பேன்."

நான் எதிர்பார்த்து வந்தது கோபத்தை. இது எனக்குத் தெரியாத கணக்கு. ஊரார் சந்தேகப்பட்டது மட்டும்தான் என் பாவம் என்று நினைத்திருந்தேன். மகளே சந்தேகப்பட்டதும் என் தலையில்தான் இருந்தது.

"முடிவெட்டற கடையில உங்க மடல் கிடக்கும்," என்று அவரே தொடர்ந்தார். "அப்பா போய் உக்காந்திருக்கார். பக்கத்துல ஒருத்தர் சத்தமாப் படிச்சிருக்கார், இவர்தான்னு தெரியாம. இவரும் முழுசும் கேட்டுட்டு வந்துட்டார். அப்புறம் அந்தக் கடைக்குப் போகவே இல்ல. எந்தக் கடைக்கும் போகல. ஒண்ணேகால் வருஷம், சாகற வரைக்கும், நான்தான் இந்தக் கத்திரியால வெட்டி விட்டேன். துணி வெட்டற மாதிரிதான் வரும். கோணலா இருக்கும். ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"என்ன மன்னிச்சிடுங்க," என்றேன்.

"இப்ப எதுக்கு வந்தீங்க? உங்க மனசு லேசாகணும்னா?"

"அதுவும் இருக்கு," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் மிஷின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார்.

"என் கடுதாசி இருக்கா?"

"இருக்கு."

"அதப் போடுங்க. நீங்க ஒண்ணும் எழுத வேணாம். நீங்க அழகா எழுதுவீங்க. அதான் பயம். நான் எழுதினது எப்படி இருக்கோ அப்படியே போடுங்க. ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

ரவிக்கையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பில்லில் என் தங்கையின் பெயர் அப்படியே இருந்தது.

அன்று பிற்பகலே கடிதத்தைக் கணினியில் அடித்தேன். வீட்டுக்காரர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். நான் திரையில் ஒப்பிட்டேன். ஆறு இடத்தில் நான் மாற்றியிருந்தேன். வேண்டுமென்று இல்லை. நாற்பது வருஷத்துக் கை. பிழையைக் கண்டால் தானாகத் திருத்திவிடுகிறது. அடுத்தவர் பிழையை மட்டும். ஆறையும் பழையபடி மாற்றினேன். கடிதம் இதுதான்:

'ஆசிரியர் அம்மாவுக்கு வணக்கம். எங்கப்பா அண்ணைக்கு கல்யானத்துக்கு போகவில்லை. எங்க வீட்டில் அந்த மாசம் யாருக்கும் கல்யானம் இல்லை. மதகுலதான் இருந்தார். சங்கிளி அறுந்து விட்டது. அதை மாத்த சொல்லி மூனு தடவை எழுதி கொடுத்தார். கையால் தூக்க பார்த்ததில் வலது கை ரெண்டு விரல் போய் விட்டது. நீங்கள் ஒரு தடவை வந்து கேட்டு இருக்களாம். வீடு பக்கத்தில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு படிக்க தெரியும். இப்படிக்கு மதகுக்காரர் மகள்.'

கடிதத்துக்குக் கீழே என் குறிப்பைச் சேர்த்தேன். கட்டுரையில் எதெல்லாம் நான் கற்பனையாகச் சேர்த்தது, கோப்பில் நான் என்ன பார்த்தேன், பார்த்தும் பதினேழு வருஷம் ஏன் மூடி வைத்தேன். ஏழு பத்தி எழுதி, ஐந்தை அடித்து, இரண்டே மிஞ்சியது. மடலின் வரலாற்றிலிருந்து, நாற்பத்திரண்டு திருத்தங்களைப் பற்றிய அந்த வாக்கியத்தையும் எடுத்தேன்.

செயற்குழு நூலகத்தின் மாடி அறையில் கூடியது. என்னோடு சேர்த்து எட்டுப் பேர். நான் படித்து முடித்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நூறாவது இதழ்ம்மா," என்றார் பல் டாக்டர் கடைசியாக. "கல்யாண வீட்ல போய் ஒப்பாரி வெக்கலாமா? போட வேணாங்கல. அடுத்த இதழ்ல போடலாமே?"

"அடுத்த இதழ்னுதான் டாக்டர் நானும் எழுதினேன். போஸ்ட் கார்டுல."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. கழகத்தின் மானத்தைப் பார்த்தார். "சரி, கடிதத்தைப் போடுவோம். கட்டுரை தப்புன்னும் போடுவோம். ஃபைலைப் பாத்தேங்கறத மட்டும் எடுத்துடுங்க. தெரியாமப் பண்ணிட்டோம்னா ஊர் மன்னிச்சிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது. பொய் சொல்லக்கூடாது. தெரியாமல் செய்த தவறு என்றால் தலையைக் குனிந்துகொண்டாவது தெருவில் நடக்கலாம். தெரிந்தே மறைத்தவளுக்கு எந்தத் தெரு? 'சரி டாக்டர்' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அது வெளியே வராததற்கு என் நேர்மை காரணமில்லை. 'கண்ணால பாத்தீங்களா?' என்று மதகுக்காரர் மகள் கேட்ட குரல்தான் காரணம். கோப்பைப் பற்றிய வரியை எடுத்துவிட்டால், அவருடைய அப்பா மனு எழுதியதற்கு ஊரில் ஒரு சாட்சியும் இல்லை.

"அத எடுத்தா கடுதாசி வெறும் கடுதாசியாயிடும்," என்றேன்.

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள், தாங்கள் கலந்து பேச வேண்டும் என்றார்கள். நானே எத்தனையோ கூட்டங்களுக்குக் குறிப்பெடுத்த அறை. மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். புத்தகம் எடுக்க ஏறி இறங்கியவர்கள் ஒதுங்கி வழிவிட்டுப் போனார்கள். ஒரு பெண்மணி, "தலை சுத்துதாம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இருபது நிமிஷம் கழித்துக் கூப்பிட்டார்கள். நாலுக்கு மூன்று. முழுசாகப் போடலாம். ஆனால் இந்த இதழோடு நான் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். விலகுகிற கடிதம் ஏற்கனவே என் பையில் இருந்தது. நானாகக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். அவர்கள் கேட்டு, அதற்கப்புறம்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நூறாவது இதழ் வெளிவந்தது. முன்பக்கத்தில் வாழ்த்துகள், நடுப்பக்கத்தில் மடலின் வரலாறு. அதற்குள், முப்பத்தோராம் இதழ் வருகிற இடத்தில், கட்டம்கட்டி அந்தக் கடிதம். நூற்று நாற்பது பிரதிகள் போயின. முதல் வாரத்தில் மூன்று தொலைபேசி அழைப்புகள். ஒருவர், இவ்வளவு எழுத்துப்பிழையோடு ஒரு கடிதத்தை வெளியிட்டிருக்கிறீர்களே, பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். இன்னொருவர் பெயர் சொல்லாமல், 'உனக்கெல்லாம் வயசு ஒரு கேடா' என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்றாமவர், "அந்தக் கல்யாணக் கதைய நானும் நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கேம்மா," என்று மட்டும் சொன்னார்.

கேடயத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கூட்டமைப்புக்கு எழுதினேன். 'வழங்கிய கேடயத்தைத் திரும்பப் பெற விதிகளில் இடமில்லை' என்று பதில் வந்தது. "அங்கயும் இட நெருக்கடி போல," என்றார் வீட்டுக்காரர். அதை அலமாரியிலிருந்து எடுத்துப் பரணில் போட்டார். மாமியார் வீட்டிலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

கடைத்தெருவில் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் நான்தான் முதலில் அந்தப் பக்கம் கடந்துவிடுவேன். அவர்களுக்குச் சிரமம் வைக்க வேண்டாமே. மூன்று பிரதிகளைக் கவரில் போட்டுக்கொண்டு தையல்கடைக்குப் போகப் பத்து நாள் ஆனது.

கடையில் கூட்டம். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். அவர் என்னைப் பார்த்ததும், "வைங்க, வரேன்," என்று பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். கடைசி ஆள் போன பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு பிரதியை எடுத்தார். மற்ற இரண்டையும் என் பக்கமே தள்ளினார். "ஒண்ணு போதும்."

கடிதத்தைப் படித்தார். தன் கடிதத்தையே யாரோ எழுதிய மாதிரி, ஒவ்வொரு வரியின் கீழும் ஆள்காட்டி விரலை நகர்த்திப் படித்தார். பிறகு என் குறிப்பைப் படித்தார். அதற்குக் கடிதத்தைவிட அதிக நேரம் எடுத்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்றை எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அந்தக் காத்திருப்பில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது.

"ஏழுன்னு போட்டிருக்கீங்க," என்றார்.

"எது?"

"செத்தவங்க. அப்பவும் ஏழுன்னு எழுதினீங்க. இப்பவும் ஏழு. எட்டு."

"பதிவுல ஏழுதான்..."

"பதிவுல இருக்காது. ரெண்டு நாள் கழிச்சு, தண்ணி வடிஞ்சப்புறம், மதகு வாய்ல ஒரு பொம்பளை. அப்பாதான் எடுத்தார், கட்டுப் போட்ட கையோட. ஊர்ல யாருக்கும் அடையாளம் தெரியல. தேடி யாரும் வரல. அதனால கணக்குல சேரல. அப்பா மட்டும் எட்டு எட்டுன்னு சொல்வார். யாராவது ஏழுன்னா கோவம் வரும். தன்னப் பத்தி என்ன சொன்னாலும் வராத கோவம் அதுக்கு வரும்."

வெள்ளைச் சட்டையையும் சாவிக்கொத்தையும் ஜன்னலோர இருக்கையையும் கற்பனை செய்தவளுக்கு இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் தெரியவில்லை. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். எடுத்த பிறகுதான் நான் இப்போது ஆசிரியர் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பேனா மூடியைத் திறக்காமல் கேட்டேன்.

"இத நான் எழுதி அனுப்பலாமா? போடறதும் போடாததும் அவங்க இஷ்டம். இருந்தாலும்..."

அவர் பிரதியை நாலாக மடித்து மிஷின் டிராயரில் வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார்.

"எழுதுங்க," என்றார். "ஆனா விசாரிச்சுட்டு எழுதுங்க."

இதுவரை பதினாறு பேரைக் கேட்டிருக்கிறேன். ஆற்றோரத் தெருவில் அன்று இருந்து இன்றும் இருக்கிறவர்கள், பழைய சுகாதாரப் பணியாளர்கள், இடுகாட்டுப் பதிவேட்டை வைத்திருக்கும் குமாஸ்தா. சிலர் நான் யார் என்று தெரிந்ததும் பேச மறுத்துவிடுகிறார்கள். மறுத்தால் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறேன். இரண்டு பேர், ஆமாம், ஒரு வெளியூர்ப் பெண் என்றார்கள். ஒருவர் அவள் பச்சைப் புடவை கட்டியிருந்தாள் என்றார். அவர் நேரில் பார்த்தாரா என்று கேட்டேன். பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான் என்றார். அதனால் புடவையை நான் எழுதிக்கொள்ளவில்லை.